முடி வெட்டக் கத்தரி வாங்கப் போறீங்களா?

சென்ற இதழில் அரிவாள்மணையைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "அப்படியே கத்தரிக்கோலைப் பற்றியும் எழுதுங்களேன்" என்று இரண்டு சகோதரிகள் கேட்டுவிட்டார்கள். ஒருத்தருக்கு மூன்று வயதுப் பையன். சலூன் நாற்காலியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டி அழுகிறானாம். இன்னொருத்தர் வீட்டோடு சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைக்கலாமென்று இருக்கிறார். இரண்டு பேருக்குமே தெரிய வேண்டிய விஷயம் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. படித்து வந்ததில்லை, பட்டு வந்தது!

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததே, ஞாபகம் இருக்கா? சலூன் எல்லாம் மூடிக் கிடந்தது. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு முடி காதை மூடி, கழுத்தில் வேர்த்து, வேர்க்குரு பொரிந்துவிட்டது. "சேலை பிளவுஸே வெட்டறோம், இது என்ன பிரமாதம்" என்று தையல் கத்தரியை எடுத்தேன். எங்கள் வீட்டுத் தையல் கத்தரி மாமியார் காலத்துச் சாமான். மீரட்டில் செய்தது, கையில் எடுத்தால் அரைப்படி அரிசி கனம் கனக்கும். மீரட் கத்தரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளின் எஃகுத் துண்டுகளைக் கொண்டு செய்கிற கத்தரிகள். தாத்தா வாங்கினால் பேரன் வரைக்கும் உழைக்குமென்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், துணிக்கு!

முடியில் அதை வைத்ததும் என்ன ஆச்சு தெரியுமா? முடி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து சிக்கிக்கொண்டது. பையன் "அம்மா!" என்று தலையை வெடுக்கென்று திருப்பினான். காது மடலில் ஒரு கீறல். ரத்தம் என்னவோ நாலு சொட்டுதான், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்பட்ட அந்த நாளில் என் நெஞ்சு படபடத்தது எனக்குத்தான் தெரியும். அப்புறம் மூன்று மாதம் எந்தக் கத்தரியையும் கிட்டவே விடவில்லை அவன்.

தப்பு என் கையில் பாதி, கத்தரியில் பாதி. துணியை வெட்டுகிற கத்தரியின் கூர் தடிமனாக இருக்கும். துணி ஓடாது, நெசவு அதைப் பிடித்து நிறுத்தி வைக்கும். முடி அப்படியில்லை. ஒவ்வொரு இழையும் தனித்தனி, வழவழப்பு, உருண்டை. அலகு மெல்லியதாக, கூர் சுத்தமாக இல்லாவிட்டால் முடி நழுவி முனைப்பக்கம் ஓடும், இல்லை மடிந்து உள்ளே புகும். அப்புறம் நாம் இழுப்போம், அது வலிக்கும்.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வந்ததென்று சொல்ல முடியாது. நல்ல கத்தரி வாங்கியே ஆகவேண்டிய சமயம் 2022-ல்தான் வந்தது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டார். அத்தைக்கு எழுபத்தாறு வயதிலும் இடுப்பு வரைக்கும் முடி. படுத்த படுக்கையில் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரே மாதத்தில் பின்பக்கம் முழுக்கச் சிக்குப் பிடித்துச் சடையாகிவிட்டது, பேனும் சேர்ந்துவிட்டது. நாங்கள் பயந்தது அதற்கெல்லாம் இல்லை. படுத்தே இருப்பவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் மட்டும்தான் புண் வருமென்று நினைத்திருந்தேன். பின்மண்டையிலும் வருமாம். கட்டுப் போட வந்த நர்சம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இங்கே சிவந்திருக்கு பாருங்க, முடியைக் குறைச்சாத்தான் கீழே தோல் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தை ஒரே பிடிவாதம். "என் தலையில யாரும் கை வைக்க வேணாம். நான் போறப்ப பின்னலோட போறேன்." இரண்டு நாள் சாப்பாடே சரியாக இறங்கவில்லை அவருக்கு. மூன்றாம் நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "சலூன்காரரெல்லாம் வேணாம். நீயே வெட்டு. ஒரு சின்னக் கொண்டை போடற அளவுக்காவது விடணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேனே தவிர, எனக்குப் பையனுடைய காதுதான் கண் முன்னால் நின்றது.

எங்கள் தெரு முனையில் சலூன் வைத்திருக்கும் பெரியவரிடம் போய் நின்றேன். நாற்பது வருஷமாகக் கத்தரி பிடிப்பவர். "அண்ணே, இப்படி இப்படி" என்றேன். கத்தரி இரவல் கேட்பேனென்று நினைத்தார் போலிருக்கிறது. "கத்தரியை மட்டும் கேக்காதம்மா, அது என் கை மாதிரி" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் எதைப் பார்த்து வாங்க வேண்டுமென்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள், பாவம்!

முதலில் அளவு. முடி வெட்டும் கத்தரியை அங்குலக் கணக்கில் சொல்வார்கள். முனையிலிருந்து வளையத்தின் கடைசி வரை அளப்பது. சுண்டுவிரல் வைக்கிற வால் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அது கணக்கில் சேராது. ஐந்திலிருந்து ஏழு அங்குலம் வரை கிடைக்கும். ஆண்பிள்ளைகளுக்குச் சீப்பை வைத்து அதன்மேல் வரிசையாக வெட்டிக்கொண்டு போகிறார்களே, அதற்கு ஆறரை, ஏழு அங்குலம் வசதி. நம்மைப் போன்ற சின்னக் கைக்கு, குழந்தைகளின் காதோரம் வெட்டுவதற்கு, ஐந்தரை போதும். கத்தரியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அலகின் நீளம் உங்கள் நடுவிரல் நீளத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிட ரொம்ப நீண்டால் முனை எங்கே இருக்கிறதென்று நம் கைக்கே தெரியாது. காதில் படுவது அந்த முனைதான்.

அடுத்தது வளையம். மோதிர விரல் ஒரு வளையத்தில், கட்டைவிரல் மற்றதில். கட்டைவிரலை முழுக்க நுழைக்கக் கூடாது, நகத்தின் அடி வரைக்கும்தான். வளையம் பெரிதாக இருந்தால் விரல் தன்னாலே உள்ளே போய்விடும், கத்தரி ஆடும். உள்ளே போடுவதற்கு ரப்பர் வளையம் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். இரண்டு வளையமும் நேருக்கு நேர் இருப்பது பழைய மாதிரி. கட்டைவிரல் வளையம் சற்றுக் குட்டையாக, தள்ளி இருப்பது புது மாதிரி. அதை 'ஆஃப்செட்' என்று கேளுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளைக்கு வெட்டுவதற்கு எதுவானாலும் சரி. பார்லர் வைக்கப் போகும் சகோதரி மட்டும் தயவு செய்து இரண்டாவதையே வாங்குங்கள். நாள் முழுக்கக் கட்டைவிரலை மடக்கி மடக்கி வெட்டினால் அடிப்பெருவிரலிலும் மணிக்கட்டிலும் வலி உட்கார்ந்துகொள்ளும். பெரியவருக்கே வலது கட்டைவிரல் பாதிதான் மடங்குகிறது. காட்டினார்.

மூன்றாவது கூர். இதுதான் பணம் பிடுங்குகிற இடம். இரண்டு ஜாதி இருக்கிறது. 'பெவல்' என்பது அலகின் ஓரத்தில் சாய்வாக ஒரு பட்டை தீட்டியிருப்பது. இதில் ஒரு அலகில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுணுக்கமாக ரம்பப் பல் போட்ட கத்தரியும் கிடைக்கும். நகத்தை மெதுவாக ஓட்டினால் சரசரவென்று உணரலாம். அந்தப் பல் முடியை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் நல்லது. 'கான்வெக்ஸ்' என்பது வெளிப்பக்கம் மெல்லப் புடைத்து வந்து கூராக முடிவது, உள்பக்கம் லேசாகக் குழித்திருப்பார்கள். வெண்ணெய் மாதிரி வெட்டும். சத்தமே இருக்காது. விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் அதைக் காப்பாற்றத் தெரிய வேண்டும்.

பாரிமுனைப் பக்கம் சலூன் சாமான் விற்கும் கடைகள் உண்டு. பீச் ஸ்டேஷனில் இறங்கி நானும் என் வீட்டுக்காரருமாகப் போனோம். போன இடத்தில் ஒரு கூத்து. அவர் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டு வந்திருக்கிறார்! எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் ஒட்டக்கூடாது என்று பார்ப்போமில்லையா, அதே பரீட்சை இங்கேயும். எந்தக் கத்தரியில் வைத்தாலும் ஒட்டுகிறது. "எல்லாமே டூப்ளிகேட்டுப்பா" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். கடைக்காரர் சிரித்துவிட்டார். சாப்பாட்டுப் பாத்திரத்து எவர்சில்வரில் நிக்கல் கலந்திருக்கும், அதனால் காந்தம் ஒட்டாது. ஆனால் அந்த எஃகைக் காய்ச்சித் தண்ணீர் காட்டிக் கெட்டிப்படுத்த முடியாது, கூர் நிற்காது. கத்தி, கத்தரி செய்கிற துருப்பிடிக்காத எஃகு வேறு ரகம். அதில் கரி அதிகம், காந்தம் ஒட்டத்தான் செய்யும். ஒட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்! வீடு வரும் வரைக்கும் இவர் வாயே திறக்கவில்லை.

எஃகைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். அலகில் '440 சி' என்று போட்டிருக்கும். அந்த 'சி' முக்கியம். 440-லேயே ஏ, பி, சி என்று மூன்று உண்டு. 'ஏ'-யில் கரி நூற்றுக்கு முக்கால் பங்குக்கு மேல் போகாது. 'சி'-யில் கிட்டத்தட்ட ஒரு பங்கும் அதற்கு மேலும் இருக்கும். கரி கூடினால் கெட்டி கூடும், கூர் நாள்பட நிற்கும். வெறுமனே '440' என்று எழுதியிருந்தால் எது என்று கேளுங்கள். இதைவிட உசத்தி ஜப்பானிய 'விஜி 10' என்ற ரகம், கோபால்ட் கலந்தது. வீட்டுக்கு அது அவசியமே இல்லை. 'ஜப்பான் ஸ்டீல்' என்று பொறித்திருந்தால் ஜப்பானில் செய்த கத்தரி என்று அர்த்தமில்லை, ஜாக்கிரதை! எஃகு மட்டும் அங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதையும் நாம் எங்கே போய்ப் பார்க்கப் போகிறோம்? ஜெர்மனியில் சோலிங்கன் என்றொரு கத்தி, கத்தரி ஊர். அந்த ஊர்ப் பெயரை அங்கே செய்த பொருளில் மட்டும்தான் பொறிக்கலாமென்று அவர்கள் நாட்டில் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். நம் கடைத்தெருவில் அந்தப் பெயரும் நூறு ரூபாய்க் கத்தரியில் இருக்கத்தான் செய்கிறது.

பெயரை விட்டுவிட்டு, கத்தரியைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். இரண்டு அலகுக்கும் நடுவே மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிய வேண்டும். திருகும் முனையும் மட்டும்தான் ஒட்டியிருக்கும். இது பழுதல்ல. அலகுகளை வில் மாதிரி இம்மியளவு வளைத்துத்தான் செய்கிறார்கள். மூடும்போது ஒரே ஒரு புள்ளியில் உரசி, அந்தப் புள்ளி முனை வரைக்கும் ஓடும். முடியை வெட்டுவது அந்த ஓடும் புள்ளிதான். பிறகு ஒரு டிஷ்யூ காகிதத்தை நனைத்து வெட்டிப் பாருங்கள். கிழியாமல், மடியாமல் முனை வரைக்கும் சுத்தமாக வெட்டினால் எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை!

நான் 2,200 ரூபாய் கொடுத்து ஐந்தரை அங்குலத்தில் கான்வெக்ஸ் கத்தரி வாங்கினேன். பெவல் வாங்கச் சொல்லித்தான் பெரியவர் அனுப்பினார். கையில் எடுத்துப் பார்த்ததும் ஆசை விடவில்லை. பல் பல்லாக இருக்கிற 'தின்னிங்' கத்தரியும் சேர்த்துத் தள்ளப் பார்த்தார்கள். முடியின் அடர்த்தியைக் குறைக்க அது. வேண்டாமென்றுவிட்டேன். கை தேறாதவர்கள் அதைத் தொட்டால் தலையில் எலி கடித்த மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் அத்தைக்கு வெட்டினேன். சிக்குப் பிடித்த சடையைச் சீப்பால் எடுக்க முடியாதென்று தெரிந்துவிட்டது. அதை மட்டும் முதலில் தோலிலிருந்து இரண்டு விரல் விட்டு, விரல்மேல் வைத்து வெட்டினேன். அதாவது தோலுக்கும் கத்தரிக்கும் நடுவில் எப்போதும் என் இடது கை விரல் இருக்கும்படி. வெட்டினால் என் விரல்தான் வெட்டுப்படும், அவர் தலை அல்ல. மீதியை ஈரமாக்கி, சீவி, தோளுக்குக் கொஞ்சம் மேலே நேராக எடுத்துவிட்டேன். ஈர முடி நீண்டு நிற்கும், காய்ந்ததும் சுருங்கி ஏறும். அதனால் நினைத்ததற்கு அரை அங்குலம் நீளமாக விட்டுத்தான் வெட்ட வேண்டும். சுருட்டை முடியானால் இன்னும் கூடவே விடுங்கள். வெட்டும்போது நாலு விரலும் அசையக் கூடாது. கட்டைவிரல் மட்டும்தான் திறந்து மூட வேண்டும், கீழ் அலகு மட்டும் நகரும். இதை வெறும் காற்றில் இரண்டு நாள் பழகிவிட்டுத்தான் பிள்ளையின் தலைக்குப் போக வேண்டும்.

பாதி வெட்டும்போதே அத்தை தூங்கிவிட்டார். இழுப்பே இல்லை, வலியே இல்லை. முடித்து, பேனுக்கும் புண்ணுக்கும் மருந்து போட்டு, உச்சியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை போட்டேன். விழித்ததும் கண்ணாடி கேட்டார். பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "வெட்டின முடியை எங்க வச்சே?" என்று மட்டும் கேட்டார். சிக்கில்லாத ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து எடுத்து வைத்திருந்தேன். அதை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். ஆறு மாதம் கழித்துத்தான் அசல் முட்டாள்தனம். தெருவில் "சாணை பிடிக்கறதே" என்று குரல் கேட்டது. அரிவாள்மணையோடு, கூடவே இந்தக் கத்தரியையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நாற்பது ரூபாய். தீப்பொறி பறக்கத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தார். அரிவாள்மணை பிரமாதம்! கத்தரி... மறுநாள் அத்தைக்குக் கழுத்தோரம் கத்தரிக்கலாமென்று வைத்தேன். முடியைக் கவ்விக்கொண்டு விடவில்லை. "ஏம்மா, வலிக்குதும்மா" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. எழுந்து ஓடவா முடியும் அவரால்?

பெரியவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தை ஓட்டிப் பார்த்தார், ஒரு பெருமூச்சு. "உள்பக்கம் தேய்ச்சிட்டாரும்மா" என்றார். உள்ளே இருந்த குழிவு போய்த் தட்டையாகிவிட்டது. குழிவு போனால் கூரோடு கூர் மட்டும் உரசாது, அலகு முழுக்க ஒட்டும். வெளியே இருந்த மெல்லிய புடைப்பும் போய், தடிப்பான சாய்வு வந்துவிட்டது. போதாததற்கு, கல்லில் பொறி பறக்கத் தேய்க்கும்போது சூடேறினால் மெல்லிய ஓரத்தில் எஃகின் கெட்டித்தன்மையும் குறைந்துவிடும். சாணைக்காரர் மேல் தப்பே இல்லை. அவருடைய வேலை அரிவாளும் கத்தியும். கொடுத்தவள் நான்தான். முடிக் கத்தரிக்கென்றே தனியாகத் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டைக் கல்லில், தண்ணீர் விட்டு, கூரின் சாய்வைப் பார்த்துத் தீட்டுவார்கள். உங்கள் பக்கத்து நல்ல சலூனில் கேட்டால் அவர்கள் எங்கே கொடுக்கிறார்களென்று சொல்வார்கள். என் கத்தரி அங்கேயும் போய் வந்தது. பழைய மாதிரி ஆகவில்லை. இப்போது அது தையல் பெட்டியில் நூல் நறுக்குகிறது. 2,200 ரூபாய் நூல் கத்தரி யார் வீட்டில் இருக்கு சொல்லுங்க!

இரண்டாவதாக வாங்கியது 1,400 ரூபாயில் பெவல் கத்தரி. இதற்குத் தையல் பெட்டியில் இடம் கிடையாது. பீரோவில், என் புடவைக்கு நடுவில், உறையோடு இருக்கிறது. வீட்டில் கத்தரி என்று ஒன்று கண்ணில் பட்டால் பால் பாக்கெட்டிலிருந்து மருந்து அட்டை வரை அதுவே வெட்டும் என்பது நமக்குத் தெரியாதா? ஒரே ஒரு தடவை காகிதம் வெட்டினாலும் கூர் கெடும்.

வெட்டி முடித்த பிறகு என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ஒட்டியிருக்கும் முடியைத் தட்டிவிட்டு, பழைய மெத்தென்ற வேட்டித் துணியால் துடைப்பேன். அலகின் முதுகுப் பக்கமிருந்து துணியை மடித்துப் பிடித்து, திருகிலிருந்து முனையை நோக்கி. கூர்மேல் விரலை ஓட்டக் கூடாது. ஈர முடி வெட்டியிருந்தால் துளி ஈரம்கூட இருக்கக் கூடாது. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்தான். கரி அதிகமுள்ள எஃகு, ஈரத்தில் விட்டால் புள்ளி விழும். பிறகு கத்தரியைக் குறுக்காக நன்றாகத் திறந்து, திருகு இருக்கும் இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். நாலு தடவை மெதுவாகத் திறந்து மூடினால் உள்ளே மாட்டியிருக்கும் முடித்தூள் கறுப்பாக வெளியே வரும். துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். நாளாக நாளாகப் பிசின் மாதிரி இறுகி, பிசிறு முடியை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

திருகின் இறுக்கத்தைப் பார்க்கவும் மறக்கக் கூடாது. ஒரு வளையத்தை இடது கையில் பிடித்து, முனை மேலே பார்க்க நிறுத்தி, மற்ற வளையத்தைப் பக்கவாட்டில் 'எல்' மாதிரி வரும் வரை தூக்கி விட்டுவிடுங்கள். தானாக இறங்கிப் பாதிக்கு மேல் மூடி, முழுக்க மூடாமல் நிற்க வேண்டும். தொபுக்கென்று மூடினால் திருகு தளர்ந்திருக்கிறது, முடி மடியும், கூரோடு கூர் மோதி வாய் விழும். அசையாமல் அந்தரத்தில் நின்றால் இறுகிப் போயிருக்கிறது, கட்டைவிரல் வலிக்கும், கூர் சீக்கிரம் தேயும். துளித் துளியாகத்தான் திருக வேண்டும். கீழே விழுந்துவிட்டால் உடனே எடுத்து 'சடக்'கென்று மூடிப் பார்க்காதீர்கள்! முனை வளைந்திருந்தால் மூடுகிற அந்த ஒரு தடவையிலேயே அடுத்த அலகையும் கெடுத்துவிடும். திறந்தபடியே பார்த்து, பிறகு ரொம்ப மெதுவாக மூடுங்கள். எங்கேயாவது தடுக்கினால் அதைத் தீட்டுகிறவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

சுத்தம். வீட்டில் ஒருத்தர் தலையிலிருந்து இன்னொருத்தர் தலைக்குப் போகும் முன்னால் கழுவித் துடைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் அலகு முழுக்க நனைத்து, அது தானாகக் காயும் வரை விட்டுவிடுவேன். அடுப்பங்கரையில் செய்யாதீர்கள், குப்பென்று பற்றும். பிளீச்சிங் தண்ணீரில் ஊற வைத்தால் எஃகை அரித்துவிடும். பேன் இருந்தால் சீப்பைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் பேனும் ஈரும் செத்துப்போகும். பார்லர் வைக்கப் போகும் சகோதரிக்கு மட்டும் தனியாக ஒன்று. மஞ்சள் காமாலை பி கிருமி உலர்ந்த ரத்தத்தில் ஏழு நாளைக்குக் குறையாமல் உயிரோடு இருக்கும். சவர பிளேடு ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடவே கூடாது. கத்தரி பட்டு ரத்தம் வந்தாலும் அந்தக் கத்தரியைத் தனியே வைத்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்தவர் தலை.

இடது கைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மகள் சண்டைக்கு வருவாள். அழகுக்கலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், பிறவி இடது கை. வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கத்தரி கொடுத்திருக்கிறார்கள். இவள் வெட்டினது மட்டும் கோணல். "உனக்குக் கை வரல" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி முழுக்க அழுகை, படிப்பை விட்டுவிடுகிறேன் என்று. அவள் என் கத்தரியை இடது கையில் பிடித்து ஒரு சவுரியை வெட்டிக் காட்டினாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. வலது கைக் கத்தரியை வலது கையால் மூடும்போது நம் விரல்களின் அழுத்தம் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்கும். அதையே இடது கையால் மூடினால் அந்த அழுத்தம் அலகுகளை விலக்கும். முடி மடிந்துபோகும். வெட்டுகிற கோட்டையும் மேல் அலகு மறைத்துக்கொள்ளும். அந்தப் பெண் என்ன செய்வாள்?

இடது கைக் கத்தரி என்றால் வளையத்தை மட்டும் மாற்றி வைத்தது அல்ல. அலகே கண்ணாடியில் தெரிவது போல மாறி இருக்க வேண்டும், இடப்பக்க அலகு மேலே வரவேண்டும். சில கடைகளில் "ரெண்டு கைக்கும் ஆகும்" என்று கொடுப்பார்கள், நம்ப வேண்டாம். மூன்று கடை ஏறி இறங்கினோம், இல்லை. நாலாவது கடையில் சொல்லி வைத்து, மூன்று வாரம் கழித்து வந்தது. ஐந்தரை அங்குலம், ஆஃப்செட், 6,500 ரூபாய். என் சீட்டுப் பணம் அப்படியே போயிற்று. இவர் கொஞ்சம் முணுமுணுத்தார். காந்தத்தை ஞாபகப்படுத்தினேன், அடங்கிவிட்டார்.

புதுக் கத்தரி வந்த அன்றைக்கு யாருக்கு முதலில் வெட்டுவதென்று பேச்சு வந்தது. தம்பி, காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிட்டான். அத்தை இப்போது வாக்கர் பிடித்து நாற்காலி வரைக்கும் வருகிறார். அவர்தான் கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். "உங்க அம்மா வெட்டறப்ப ஒரு பக்கம் எப்பவும் கொஞ்சம் ஏறிடும், பாத்து வெட்டு" என்றார் பேத்தியிடம். ஏறித்தான் இருந்தது. ஒன்றரை வருஷமாகச் சொல்லவே இல்லை பாருங்கள்!